தண்டவாளம் இல்லாத ஊரில் பழைய தடம் தேடுவது எப்படி? குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

கைவிட்ட ரயில்பாதை, பழைய பாலம், ஓய்ந்துபோன தொழில் நிலம் என்று தேடித் திரிகிறவர்கள் குமரி மாவட்டத்துக்கு வந்தால் முதல் நாளே ஏமாந்துபோவார்கள். இங்கே செத்துப்போன ரயில்பாதை என்று சொல்ல ஒன்றுமில்லை. ரயிலே பிந்தி வந்த ஊர் இது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கு ரயில் ஓடியது 1979இல்தான். நாகர்கோவில்–திருநெல்வேலி பாதை 1981இல் வந்தது. இரண்டும் பிறக்கும்போதே அகலப்பாதை. முதலில் ஒடுங்கிய மீட்டர் கேஜ் பாதை போட்டு, பிறகு அதைப் பெயர்த்தெடுத்து, மண்கரை மட்டும் மிஞ்சுகிற கதை இங்கே நடக்கவே இல்லை. எங்கள் பாட்டா காலத்தில் மெட்ராஸ் போக வேண்டுமென்றால் திருநெல்வேலி வரை பஸ்ஸில் போய்த்தான் ரயிலைப் பார்க்க வேண்டும்.

அதற்காகப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டாம். மற்ற ஊர்களில் ரயில் செய்த வேலையில் பாதியை இங்கே தண்ணீர் செய்தது. ரயில் கரைக்குப் பதில் இங்கே சானல்கரை; சானல் என்றால் எங்கள் பேச்சில் கால்வாய். பள்ளத்தாக்கைத் தாண்டும் ரயில் பாலத்துக்குப் பதில் தண்ணீரைச் சுமந்து போகும் தொட்டிப்பாலம். கூட்ஸ் ஷெட்டுக்குப் பதில் உப்பளமும் வள்ளக்கடவும் (படகுத்துறை). இதை மனதில் வாங்கிக்கொண்டால் மாவட்டம் முழுக்கத் தடம் தெரிய ஆரம்பிக்கும். பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளை இதில் தொலைத்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டில் உட்கார்ந்தே தடம் பிடிப்பது

முதலில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து உங்கள் ஊரைப் பாருங்கள். ரோட்டையும் சானலையும் மேலிருந்து பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. ரோடு மேடேறும், சானல் மேடேறாது. மலையடிவாரத்தில் ஒரு கோடு குன்றின் வளைவுக்கு ஏற்ப வளைந்து வளைந்து, ஏறாமலும் திடீரென இறங்காமலும் போனால் அது தண்ணீர்க் கோடு. ரயில்பாதை போடுகிற இன்ஜினியருக்கும் சானல் வெட்டுகிற இன்ஜினியருக்கும் கவலை ஒன்றுதான்: சரிவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் ரயில் தடம் தேடிப் பழகியவருக்குச் சானல் தடம் சீக்கிரம் கண்ணில் படும்.

அடுத்து, இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்கள். குமரி மாவட்டத்தின் பெரும்பகுதி 58 எச் என்ற தொகுப்பில் வரும். அதில் நீலக் கோடு திடீரென்று அறுந்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளி மறுபடி தொடங்கினால் அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். நடுவே தூர்ந்துபோன துண்டு கிடக்கும், அல்லது பாலமோ சுரங்கமோ இருக்கும்.

மூன்றாவது, பலரும் தொடாதது: வருவாய்த் துறையின் கிராம வரைபடமும், புல எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேடும். வரைபடத்தில் மற்ற புலங்கள் எல்லாம் சதுரமும் கோணலுமாக இருக்க, நாடா மாதிரி நீண்டு ஒடுங்கிய ஒரு புல எண் போகும். பதிவேட்டில் அந்த எண்ணைப் பார்த்தால் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்றிருக்கும். தரையில் அந்த இடத்தில் இன்று வீடும் தென்னையும் நிற்கலாம். ஆனால் காகிதத்தில் சானல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நான் கண்டுபிடித்த இடங்களில் பாதி இப்படிக் கிடைத்தவைதான்.

இரண்டாவது படி: மாதம் பார்ப்பது

இங்கே நல்ல நாள் பார்ப்பதைவிட மாதம் பார்ப்பது முக்கியம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து வழக்கமாக ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகமும் முடிந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அதன் பிறகு மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் சானல் வறண்டு கிடக்கும். சானலின் அடித்தளம், பழைய கற்கட்டு, மடையின் வாய் எல்லாம் பார்க்க வேண்டுமானால் இந்த மூன்று மாதம்தான். வெயில் மண்டையைப் பிளக்கும். அதனால் விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்துவிடுங்கள்.

தொட்டிப்பாலத்துக்கு மட்டும் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிக் கொள்ளுங்கள். தண்ணீர் ஓடாத தொட்டிப்பாலம் வெறும் கான்கிரீட். ஜூலைக்குப் பிறகு போங்கள்.

மூன்றாவது படி: அனுமதி

இதில் விளையாடக் கூடாது. கோதையாறு, பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காடுகள் வனத்துறை வசம். நடமாட முன்அனுமதி வேண்டும், யானை உள்ள இடம். கீழ்க்கோதையாற்றில் மின்வாரியத்தின் விஞ்ச் (கம்பி வடம் இழுக்கும் வண்டி) ஒன்று தண்டவாளத்தின் மேல் மலையேறும். மலை ரயில் என்று சொல்லிக்கொள்ள இந்த மாவட்டத்தில் இருப்பது அது ஒன்றுதான். ஊழியர்களுக்கானது. பார்க்க ஆசைப்பட்டு வேலி தாண்டாதீர்கள். அணைகளின் மேல் படம் எடுக்கத் தடை இருக்கும் இடங்களில் போனைப் பைக்குள் வையுங்கள். டிரோன் எண்ணமே வேண்டாம். மணவாளக்குறிச்சி மணல் ஆலை இயங்கிக்கொண்டிருக்கும் ஆலை, அதன் மதிலோரம் கேமராவோடு நின்றால் வீண் விசாரணைதான் மிஞ்சும்.

ரயில் தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘ஆள் நடமாட்டமே இல்லை’ என்று தோன்றுகிற இடத்தில்தான் வளைவில் ரயில் வந்து நிற்கும்.

தனியார் தோப்பு வழியே போக வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். இங்கே மறுப்பவர்கள் குறைவு. கேட்கும் முறை மட்டும் முக்கியம். “பாட்டா, இந்தப் பாலம் எந்த வருசம் கட்டினது?” என்று கேட்டால் “யாருக்குத் தெரியும்” என்று முடிந்துவிடும். “பாட்டா, முன்னால இங்க வள்ளம் எதுவரைக்கும் வரும்? சுமை எங்க இறக்குவாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்து வந்து காட்டுவார்.

நான்காவது படி: கையில் என்ன

கணுக்கால் மூடும் ஷூ, ஒரு நீளமான கம்பு, இரண்டு லிட்டர் தண்ணீர், டார்ச், அளவு டேப், நோட்டு. கம்பு ஊன்றுவதற்கு மட்டுமில்லை, புல்லைத் தட்டிக்கொண்டே நடப்பதற்கும். விரியனுக்கு நீங்கள் வருவது முன்கூட்டியே தெரிய வேண்டும். காலில் கீறல், புண் இருந்தால் தேங்கிய சானல் நீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. பாம்பு தீண்டினால் நாட்டு வைத்தியம் தேடாமல் நேரே அரசு மருத்துவமனை.

ஐந்தாவது படி: முதல் நடை மாத்தூரில்

புதிதாகத் தொடங்குகிறவர் மாத்தூர் தொட்டிப்பாலத்தில்தான் தொடங்க வேண்டும். சுற்றுலாத் தலம் ஆகிவிட்டதே என்று அலட்சியம் வேண்டாம். சுற்றுலா வருகிறவர்கள் மேலே நடந்து, செல்ஃபி எடுத்து, அன்னாசிப்பழம் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு வேலை கீழே.

திருவட்டாறுக்கு அருகே பறளியாற்றின் மேல், இரண்டு குன்றுகளுக்கு நடுவே நிற்கிறது. காமராஜர் காலத்துத் திட்டம், 1966இல் கட்டி முடித்தார்கள். ஏறக்குறைய 380 மீட்டர் நீளம், 115 அடி உயரம், 28 தூண்கள். பட்டணங்கால் சானலின் தண்ணீரைக் கல்குளம், விளவங்கோடு பகுதி வயல்களுக்குக் கொண்டுபோகிறது.

ஏன் இவ்வளவு உயரத்தில் தூக்கிக் கட்ட வேண்டும், ஆற்றில் இறக்கி மறுபக்கம் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பார்கள். இறக்கினால் உயரம் போய்விடும். போன உயரத்தைப் பம்ப் இல்லாமல் திரும்ப வாங்க முடியாது. எதிர்க்குன்றுக்கு அப்பால் மேட்டில் இருக்கும் நிலத்துக்குத் தண்ணீர் பாய வேண்டுமென்றால், இந்தக் கரையில் இருக்கிற உயரத்தை அந்தக் கரைக்கு அப்படியே கைமாற்றிக் கொடுக்க வேண்டும். தொட்டிப்பாலம் செய்வது அவ்வளவுதான்.

மேலே நடக்கும்போது ஓரிடத்தில் நின்று தொட்டிக்குள் ஒரு காய்ந்த இலையைப் போடுங்கள். பத்து அடி போக எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். நிதானமாகத்தான் போகும். பிறகு படிக்கட்டில் கீழே இறங்கி ஆற்றோரமாகத் தூணடிக்குப் போங்கள். அண்ணாந்து பார்த்தால் தூணின் உடம்பில் குறுக்கே வரிவரியாகக் கோடு தெரியும். பலகை அடைத்து, கான்கிரீட் ஊற்றி, அது இறுகியபின் பலகையை மேலே ஏற்றி, மறுபடி ஊற்றியதன் அடையாளம். வரிகளை எண்ணினால் தூண் எத்தனை தவணையில் வளர்ந்தது என்று தெரிந்துவிடும். எங்கோ ஒரு மூட்டில் கசிந்து, அவ்வளவு உயரத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழும். கீழே பாறையில் அந்த இடம் மட்டும் பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும். நான் போகிற போதெல்லாம் அந்தச் சொட்டைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

ஆறாவது படி: கல்லும் காரையும் வாசிப்பது

இதைக் கற்றுக்கொள்ளாமல் அடுத்த இடங்களுக்குப் போனால் வெறும் இடிபாடுதான் தெரியும்.

காரையைப் பாருங்கள். உரசினால் மாவாக உதிர்ந்து, நடுநடுவே இளஞ்சிவப்புப் பொடி தெரிந்தால் சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்த சுர்க்கிக் காரை. சாம்பல் நிறத்தில் கல்போல இருந்தால் சிமெண்ட். ஒரே சுவரில் இரண்டும் இருந்தால் சிமெண்ட் உள்ள பகுதி பெரும்பாலும் பின்னால் ஒட்டுப்போட்டது.

கருங்கல்லில் வெட்டுத் தடத்தைப் பாருங்கள். விளிம்பில் விரல் நுழையும் சின்னச் சின்னச் சதுரக் குழிகள் வரிசையாக இருந்தால், உளியால் குழி போட்டு, ஆப்பு அடித்துப் பிளந்த கல். நீளமான அரைவட்டப் பள்ளம், குழாயை நெடுக்காகப் பிளந்த மாதிரி இருந்தால் மெஷின் துளை போட்ட கல், நம் காலத்தது. மேற்குப் பகுதியில் கருங்கல்லுக்குப் பதில் வெட்டுக்கல் வரும். தேன்கூடு மாதிரி ஓட்டையும் செம்மண் நிறமுமாக இருக்கும்.

எங்காவது தோப்பு வாசலிலோ வேலியிலோ தண்டவாளத் துண்டை நட்டிருப்பார்கள். அதன் பக்கவாட்டைத் தேங்காய்ச் சகரியால் (நாரால்) தேய்த்துப் பாருங்கள். உருக்காலையின் பெயரும் வருடமும் எழுத்து எழுத்தாகப் புடைத்து வரும். வருடம் 1979க்கு வெகு முந்தியது என்றால் அந்த இரும்பு வேறெங்கோ ஓடிக் களைத்துப் பழைய இரும்பாக இங்கே வந்திருக்கலாம்.

ஏழாவது படி: ஏ.வி.எம். சானல்

என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்தின் உண்மையான ‘கைவிட்ட ரயில்பாதை’ இதுதான். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். அனந்தபத்மநாப சுவாமி, விக்டோரியா ராணி, மார்த்தாண்ட வர்மா மூன்று பேர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1860இல் வேலை தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை வள்ளத்தில் போய்விட வேண்டும் என்பது கனவு. முழுக்க முடியவே இல்லை. பூவாறு தொடங்கி இரயுமன்துறை வரை ஒரு துண்டு, குளச்சல்–மண்டைக்காடு பக்கம் ஒரு துண்டு. மூன்று பெயர் வைத்தும் முழு உடம்பு கிடைக்காத கால்வாய்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதைத் தேசிய நீர்வழி 13 என்று அறிவித்திருக்கிறார்கள். ஏட்டில் கப்பல் போகலாம். நேரில் போனால் ஆகாயத்தாமரை, மணல் மேடு, சில இடங்களில் வீட்டுக் கொல்லை.

நடக்கும் முறை: கொல்லங்கோட்டுப் பக்கம் பஸ் இறங்கி, நீரோடி, வள்ளவிளை வழியாகக் கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு இரயுமன்துறை நோக்கிப் போங்கள். முடிவில் குழித்துறைத் தாமிரபரணி (திருநெல்வேலித் தாமிரபரணி அல்ல) கடலில் சேரும் முகத்துவாரம் வரும், எதிர்க்கரை தேங்காப்பட்டணம். ஒரே மூச்சில் நடக்க வேண்டாம், கால்வாய் அறுபடும் இடங்களில் ரோட்டுக்கு ஏறி மறுபடி இறங்க வேண்டும். இரண்டு காலைப்பொழுது வையுங்கள்.

நான் முதல்முறை போனபோது, பச்சைப் பசேலென்று மட்டமாகக் கிடந்ததைக் கரை என்று நினைத்துக் காலை வைத்தேன். முழங்கால் வரை உள்ளே போனது. காலை இழுத்தேன், செருப்பு வரவில்லை. வாசலில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அக்கா, “அண்ணே, அது கரை இல்ல, தாமரை” என்று சொல்லிவிட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஷூ போடச் சொன்னதும் கம்பு எடுக்கச் சொன்னதும் அந்த நாளின் புத்தி.

வழியில் வயதானவர்களிடம் கதம்பல் அழுகப்போட்ட காலத்தைப் பற்றிக் கேளுங்கள். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறவைத்து, அடித்து, தும்பு எடுத்துக் கயிறு திரிப்பார்கள். இந்தக் கயிற்றுக்கும் மணவாளக்குறிச்சி ஆலைக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டார். அதில் உள்ள தோரியம் அன்றைக்குக் கேஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. கயிற்றில் ஒட்டிய மணலுக்காக மணவாளக்குறிச்சியில் ஆலையே வந்துவிட்டது.

எட்டாவது படி: மணக்குடியும் உப்பளங்களும், ஒரே நாளில்

பழையாறு கடலில் சேரும் இடம் மணக்குடி. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துக்கொண்டு போனது. வாகனம் போன பாலத்தின் தளங்களை அலை பிய்த்து எறிந்தது. பிறகு ராணுவம் இரும்பில் தற்காலிகப் பாலம் போட்டது, அதற்கும் பின்னால் இப்போதைய பாலம். இங்கே வந்தால் படம் எடுப்பதற்கு முன் கொஞ்சம் அடக்கம் வேண்டும். நீங்கள் விசாரிக்கும் ஆள் அந்த நாளில் வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவராக இருக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

அங்கிருந்து புத்தளம், சாமித்தோப்பு, தாமரைக்குளம் பக்கம் உப்பளங்கள். உப்பு விளையும் அளமும் ஓய்ந்த அளமும் அடுத்தடுத்துக் கிடக்கும். வரப்பில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். வேலை நடக்கும் பாத்தியின் தரை மிதித்து மிதித்து மழமழவென்று இருக்கும். ஓய்ந்த பாத்தியில் தரை ஓடு ஓடாக வெடித்து, விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அந்த வெடிப்பின் ஓரத்தில் மட்டும் பல் மாதிரி உப்பு பூத்திருக்கும். பாத்திக்குப் பாத்தி நீர் மாற்றும் வாய்க்காலில், பலகை செருகுவதற்கான காடி எங்காவது மிஞ்சியிருந்தால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மனிதன் விட்ட இடத்தைப் பறவை எடுத்துக்கொண்டதையும் இங்கேதான் பார்க்கலாம். சீசனில் பூநாரை வரும். பக்கத்தில் உள்ள சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகளுக்கு 2022இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. வரப்பில் ஓடாதீர்கள். பறவைக்கு மட்டுமில்லை, வரப்புக்கும் தாங்காது.

ஒன்பதாவது படி: வேலை மாறிய இடங்கள்

புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குக் குழந்தைகளோடு போகலாம். இன்று வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே பீரங்கி வார்த்தார்கள். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை உள்ளே இடிந்த தேவாலயத்தில் இருக்கிறது. 1777இல் இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் உண்டு. தமிழ் வரிகளை வெயில் சாய்வாக விழும் காலையில் வாசியுங்கள், உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும்.

பேச்சிப்பாறையில் இன்னொரு கல்லறை. 1906இல் முடிந்த அணையைக் கட்டிய மிஞ்சின் துரை, ஊரார் வாயில் ‘மூக்கன் துரை’.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள். கிராதிக் கம்பிக் கோபுரத்தில் நிற்பவை பெரும்பாலும் பழைய தலைமுறை, குழாய்க் கோபுரம் புதியது. பழையதை அகற்றிய இடத்தில் கான்கிரீட் மேடையும், அதில் துருத்தி நிற்கும் போல்ட்டுகளும் மட்டும் இருக்கும். நிலம் தனியார் நிலம், ரோட்டிலிருந்து பார்த்தால் போதும்.

கல்குவாரிகளைப் பற்றி ஒரே வரி: போகாதீர்கள். கைவிட்ட குவாரியில் நீலமாகத் தேங்கி நிற்கும் தண்ணீர் அழகுதான், ஆனால் விளிம்பு செங்குத்து, ஆழம் தெரியாது, ஏறக் கைப்பிடி கிடையாது.

ரயில் ஆசை விடவில்லை என்றால்

இரட்டைப் பாதை வேலைக்குப் பின் மூடிய லெவல் கிராசிங்குகளைத் தேடுங்கள். தார் ரோடு இரண்டு பக்கமும் வந்து வேலியில் முட்டி நிற்கும். பழைய கேட் கீப்பர் அறை இருந்தாலும் இருக்கும். வெளியே நின்றே பார்க்கலாம்.

முழு ஆசையும் தீர வேண்டுமானால் மாவட்டம் தாண்டிச் செங்கோட்டைக்குப் போங்கள். 1956 வரை அதுவும் நம்மைப் போலத் திருவிதாங்கூரில் இருந்த ஊர்தான். அங்கிருந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு 1904இலேயே மீட்டர் கேஜ் ஓடியது. அதை அகலப்பாதையாக்கி 2018இல் திறந்தார்கள். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் கல்பாலம் இன்னும் வேலையில் இருக்கிறது. ஜன்னலோர இருக்கை பிடித்துப் போங்கள்.

கடைசிப் படி: எழுதி வைப்பது

படத்துக்குப் பக்கத்தில் ஒரு டேப் அல்லது பத்து ரூபாய் நாணயம் வையுங்கள், அளவு தெரியும். நோட்டில் தேதி, கிராமம், புல எண், சானலில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்று குறியுங்கள். சொன்னவரின் வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதுங்கள். ‘கலுங்கு’ என்றால் கலுங்கு, அதை நீங்கள் திருத்த வேண்டாம். எதையும் எடுத்து வராதீர்கள், ஒரு செங்கல்கூட.

ஒன்றிரண்டு படத்தைப் பிரிண்ட் போட்டு, வழி சொன்னவருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். திருவட்டாறு பக்கம் ஒரு சாயாக்கடைக்காரருக்கு நான் அப்படி ஒரு மடையின் படத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார். அடுத்த முறை போனபோது சாயாவை வைத்துவிட்டு அவராகவே கேட்டார்: “இதுக்கு மேல, ரப்பருக்குள்ள இன்னொண்ணு கெடக்கு. அதப் பாத்தியளா?”